எலும்பு மருந்து வேலை செய்கிறதா? பி1என்பி, சிடிஎக்ஸ், ஆஸ்டியோகால்சின்: எந்தப் பரிசோதனையை எப்போது கேட்பது

எலும்புப்புரைக்கு மருந்து தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. மருந்து வேலை செய்கிறதா என்பதை இந்தக் கட்டத்தில் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் சொல்லாது. வழக்கமான மருந்துகளில் முதுகெலும்பின் தாது அடர்த்தி ஓராண்டில் சில விழுக்காடுதான் கூடும். ஸ்கேனை இரண்டு முறை எடுத்தால் அளவீட்டிலேயே 3 முதல் 5 விழுக்காடு வரை ஏற்ற இறக்கம் வரும். உண்மையான மாற்றம் அந்த ஏற்ற இறக்கத்தைத் தாண்டித் தெரிய ஓராண்டோ இரண்டாண்டோ ஆகிவிடும். மாத்திரை வயிற்றிலிருந்து ரத்தத்தில் சேரவே இல்லை என்றால், அதுவரை பாதுகாப்பு இல்லாமலே நாள் கழியும்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் எலும்புச் சுழற்சிக் குறிப்பான்கள் இருக்கின்றன. எலும்பின் புரதச் சட்டகமான மேட்ரிக்ஸ் கட்டப்படும்போதும் கரைக்கப்படும்போதும் ரத்தத்தில் சிந்தும் துணுக்குகளும் நொதிகளும் இவை. ஆய்வகப் பட்டியலில் பி1என்பி, சிடிஎக்ஸ், ஆஸ்டியோகால்சின், எலும்பு ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் (எலும்பாக்கச் செல்லின் நொதி), ட்ராப் 5பி (எலும்பரிக்கும் செல்லின் நொதி), சிறுநீர் என்டிஎக்ஸ் (எலும்பு கரையும்போது வரும் துணுக்கு) என்று வரிசையாக இருக்கும். எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் பி1என்பி. காலையில் வெறும் வயிற்றோடு வர முடியும், எலும்பு கரைவதைக் குறைக்கும் மருந்து எடுக்கிறார் என்றால் சிடிஎக்ஸும் சமமாக நல்லது. சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு இரண்டையும் தவிர்த்து எலும்பு ஆல்கலைன் பாஸ்பட்டேஸ். மேட்ரிக்ஸ் புரதங்களில் பலரும் கேள்விப்பட்ட பெயரான ஆஸ்டியோகால்சினை மருந்துக் கண்காணிப்புக்குக் கடைசியாகத்தான் வைக்க வேண்டும். இந்த வரிசை ஏன் இப்படி அமைகிறது என்பது இந்தத் துணுக்குகள் எங்கிருந்து பிறக்கின்றன என்பதில் இருக்கிறது.

ஒரே கொலாஜன், இரண்டு முனைகள்

எலும்பு மேட்ரிக்ஸின் கரிமப் பகுதியில் சுமார் 90 விழுக்காடு முதல் வகைக் கொலாஜன். ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட மூன்று சங்கிலிகள் கயிறுபோல முறுக்கிக்கொண்டு, ஏறத்தாழ 300 நானோமீட்டர் நீளமுள்ள ஒரு மூலக்கூறாகின்றன. எலும்பாக்கச் செல் இதை முதலில் புரோகொலாஜனாகச் செய்கிறது. கயிற்றின் இரு முனைகளிலும் ஒரு குஞ்சம் தொங்கும். செல்லுக்கு வெளியே வந்ததும் நொதிகள் அந்தக் குஞ்சங்களை வெட்டிவிட, நடுவிலுள்ள கயிறு இழைகளாக அடுக்கப்பட்டு எலும்பாகிறது. தொடக்க முனையில் வெட்டப்பட்ட குஞ்சம்தான் பி1என்பி. ஒரு கொலாஜன் மூலக்கூறு கட்டப்பட்டால் ஒரு பி1என்பி வெளியேறும். எலும்பு எவ்வளவு கட்டப்படுகிறது என்பதற்கு இதைவிட நேரடியான கணக்கு ரத்தத்தில் இல்லை.

சிடிஎக்ஸ் இதற்கு நேர் எதிர்க் கதை. எலும்பரிக்கும் செல், எலும்பின் மேல் ஒட்டிக்கொண்டு அமிலத்தால் தாதுவைக் கரைக்கும். பிறகு கேத்தெப்சின் கே என்ற நொதியால் கொலாஜனைத் துண்டாக்கும். அப்போது கயிற்றின் கடைசி முனையிலிருந்து வரும் எட்டு அமினோ அமிலத் துணுக்கைத்தான் சிடிஎக்ஸ் பரிசோதனை அளக்கிறது. கொலாஜனுக்கு வயதாக ஆக, அந்தத் துணுக்கிலுள்ள அஸ்பார்ட்டிக் அமிலம் மெல்ல பீட்டா வடிவத்துக்குத் திரும்பும். ரத்தப் பரிசோதனை பிடிப்பது இந்தப் பீட்டா வடிவத்தை. எனவே சிடிஎக்ஸ் உயர்ந்தால் முதிர்ந்த எலும்பு கரைகிறது என்று பொருள். நேற்றுக் கட்டிய கொலாஜன் அதில் வராது.

முதல் வகைக் கொலாஜன் தோலிலும் தசைநாணிலும் உண்டே என்ற கேள்வி எழும். உண்டு. ஆனால் அங்கெல்லாம் சுழற்சி மிக மெதுவானது. நலமாக இருப்பவரின் ரத்தத்தில் இந்தத் துணுக்குகள் பெரும்பாலும் எலும்பிலிருந்துதான் வருகின்றன.

ஆஸ்டியோகால்சின்: புகழும் பலவீனமும்

கொலாஜன் அல்லாத மேட்ரிக்ஸ் புரதங்களில் ஆஸ்டியோகால்சின் முக்கியமானது. 1970களின் நடுவில் கண்டறியப்பட்டது. வெறும் 49 அமினோ அமிலங்கள். 17, 21, 24 ஆகிய இடங்களிலுள்ள மூன்று குளூட்டாமிக் அமிலங்களில் வைட்டமின் கே துணையோடு கூடுதலாக ஒரு கார்பாக்சில் குழு சேர்க்கப்படுகிறது. அப்படிச் சேர்ந்த பிறகுதான் அது கால்சியத்தைப் பற்றிக்கொண்டு எலும்பின் தாதுப் படிகத்தில் உட்காரும். வைட்டமின் கே குறைந்தாலோ, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுத்தாலோ கார்பாக்சில் குழு முழுதாகச் சேராத ஆஸ்டியோகால்சின் ரத்தத்தில் கூடும்.

இதன் வேலை என்ன என்பதில் கருத்து பலமுறை மாறியிருக்கிறது. 1996இல் இந்த மரபணு நீக்கப்பட்ட எலிகளில் எலும்பு குறையாமல் கூடியதைக் கண்டு துறையே வியந்தது. 2007இல் இது கணையத்தையும் கொழுப்புத் திசுவையும் தூண்டும் ஹார்மோன் என்ற கருத்து வந்தது. 2020இல் தனித்தனியாக உருவாக்கப்பட்ட இரண்டு எலி வகைகளில் அந்த ஹார்மோன் விளைவுகள் தெரியவில்லை. அவற்றுள் ஓர் ஆய்வு, தாதுப் படிகங்கள் கொலாஜன் இழையின் திசையிலேயே அடுக்கப்பட ஆஸ்டியோகால்சின் தேவை என்று காட்டியது. படிகங்கள் திசைமாறிக் கிடந்தால், அடர்த்தி குறையாமலே எலும்பின் வலிமை குறையும். டெக்ஸா ஸ்கேனில் தெரியாத கோளாறு இது. எலும்பியலில் இந்தப் புரதத்தின் இடம் பெரியது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

உடலில் முக்கியமாக இருப்பது வேறு, ரத்த மாதிரியில் நம்பி அளக்கக்கூடியதாக இருப்பது வேறு. பரிசோதனையாக ஆஸ்டியோகால்சினுக்கு நான்கு குறைகள் உண்டு. முதலாவது, அது நிலையற்றது. சிவப்பணுக்கள் உடைந்தால் அவற்றின் நொதிகள் இதைத் துண்டாக்கிவிடும். மாதிரியை உடனே குளிர வைத்து, விரைவாகப் பிரித்து, உறைய வைக்கவில்லை என்றால் அளவு பொய்யாகக் குறையும். 43ஆம் அமினோ அமிலம் வரையுள்ள என்–மிட் துண்டையும் சேர்த்து அளக்கும் முறைகள் இந்தத் தொல்லையைப் பெரிதும் குறைத்தன, முற்றிலும் போக்கவில்லை. இரண்டாவது, ஒவ்வொரு நிறுவனத்தின் முறையும் வெவ்வேறு துண்டுகளைப் பிடிப்பதால் ஓர் ஆய்வகத்தின் எண்ணை இன்னோர் ஆய்வகத்தின் எண்ணோடு ஒப்பிட இயலாது. மூன்றாவது, துண்டுகள் சிறுநீரகம் வழியே வெளியேறுவதால் சிறுநீரகம் தளர்ந்தவரிடம் அளவு தானாக ஏறும். நான்காவதுதான் அடிப்படைக் குறை: எலும்பு கட்டப்படும்போது எலும்பாக்கச் செல் இதைச் சுரக்கிறது, எலும்பு கரையும்போதும் சட்டகத்தில் புதைந்திருந்தது வெளிவருகிறது. எண் உயர்ந்தால் கட்டுமானமா, இடிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஆஸ்டியோகால்சின் மற்றவற்றை முந்தும் ஓர் இடம் உண்டு, ஸ்டீராய்டு சிகிச்சை. பிரெட்னிசோலோன் போன்றவை எலும்பாக்கச் செல்லில் ஆஸ்டியோகால்சின் மரபணுவையே நேரடியாக அடக்குகின்றன. தொடங்கிய சில நாட்களிலேயே அளவு சரியும். ஸ்டீராய்டின் அழுத்தம் எலும்பில் எவ்வளவு என்று ஆராய இது கூர்மையான கருவி. அதையே தலைகீழாகப் பார்த்தால், நோயாளி ஸ்டீராய்டு எடுக்கிறார் என்பதை அறியாமல் குறைந்த ஆஸ்டியோகால்சினைக் கண்டு "எலும்பு மருந்து நன்றாக வேலை செய்கிறது" என்று முடிவுகட்டுவது மோசமான தவறு.

வைட்டமின் கே2 மாத்திரை எடுக்கலாமா என்பது இதோடு ஒட்டிய கேள்வி. எடுத்தால் கார்பாக்சில் குழு சேராத ஆஸ்டியோகால்சின் குறையும், அது உறுதி. அந்த எண் குறைந்ததால் எலும்பு முறிவும் குறைகிறதா என்றால் ஆதாரம் அவ்வளவு தெளிவாக இல்லை. ஜப்பானில் எலும்புப்புரைக்கு நாளொன்றுக்கு 45 மில்லிகிராம் மெனாடெட்ரெனோன் (வைட்டமின் கே2இன் ஒரு வடிவம்) மருந்தாகவே வழங்கப்படுகிறது. ஆனால் அங்கேயே நடந்த பெரிய சோதனையில் முதுகெலும்பு முறிவு ஒட்டுமொத்தமாகக் குறையவில்லை. நிரூபணமான மருந்தை விட்டுவிட்டு இதை மட்டும் நம்புவது சரியல்ல. வார்ஃபரின் எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. ரத்தம் உறையும் அளவு குலைந்துவிடும்.

பி1என்பியா, சிடிஎக்ஸா

இந்த இரண்டையும்தான் பன்னாட்டு எலும்புப்புரை அறக்கட்டளையும் மருத்துவ வேதியியலாளர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பும் ஒப்பீட்டுக்குரிய நிலையான குறிப்பான்களாகப் பரிந்துரைத்தன. இரண்டுக்கும் இடையிலான தேர்வில் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலில், மாதிரி எடுக்கும் நேரம். சிடிஎக்ஸ் நாள் முழுதும் ஏறி இறங்கும். பின்னிரவிலும் விடியலுக்கு முன்பும் உச்சம், பிற்பகலில் தாழ்வு. சாப்பிட்டால் குடல் ஹார்மோன்களின் தூண்டலால் எலும்பரிப்பு சில மணி நேரம் தணிந்து சிடிஎக்ஸ் இறங்கும். முதல் மாதிரியைக் காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றிலும், அடுத்ததை மதிய உணவுக்குப் பிறகும் எடுத்தால், மருந்தே இல்லாமல் "மருந்து வேலை செய்கிறது" என்று தாள் சொல்லும். பி1என்பிக்கு உணவும் நேரமும் பெரிய பொருட்டல்ல. மாலையில் வந்தாலும் எடுக்கலாம். தொலைவிலிருந்து வரும் முதியவருக்கோ சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவருக்கோ இது சிறிய வசதி அல்ல.

அடுத்து, எவ்வளவு விரைவில் பதில் வேண்டும் என்பது. எலும்பரிப்பைத் தடுக்கும் மருந்து முதலில் தாக்குவது எலும்பரிக்கும் செல்லை. அதனால் சிடிஎக்ஸ் நாட்கணக்கில் விழும்; பி1என்பி அதைப் பின்தொடர்ந்து சில வாரங்களில் இறங்கும். மூன்றாம் மாதத்தில் பார்க்கப்போகிறோம் என்றால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். கட்டும் மருந்து என்றால் பி1என்பிதான் முதலில் அசையும்.

மூன்றாவதாக, இரைச்சல். ஒரே மனிதரிடம் ஒரே நிலையில் இரண்டு முறை எடுத்தாலும் எண் சற்று மாறும். அந்த இயல்பான மாறுபாட்டை 2.77ஆல் பெருக்கினால் கிடைப்பது, நம்பத்தக்க மிகக் குறைந்த மாற்றம். மாறுபாடு 8 விழுக்காடு என்றால் 22 விழுக்காட்டுக்கு மேல் மாறினால்தான் அது உண்மை மாற்றம். பி1என்பிக்கு நடைமுறையில் இது ஏறத்தாழ 20 விழுக்காடு, அல்லது லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். சிடிஎக்ஸுக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு, அல்லது லிட்டருக்கு 100 நானோகிராம். சிடிஎக்ஸின் இரைச்சல் பெரிதுதான். ஆனால் மருந்தால் அது விழும் அளவும் பெரிது. அதனால் ஒழுங்காக மாதிரி எடுத்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. ஒழுங்காக எடுப்பது நடைமுறையில் அரிது என்பதால்தான் எங்கள் தராசு பி1என்பி பக்கம் சாய்கிறது.

மருந்துக்கு மருந்து கேள்வி மாறும்

எலும்பரிப்பைத் தடுக்கும் மருந்துகளில், வாரம் ஒருமுறை 70 மில்லிகிராம் அலெண்ட்ரோனேட் போன்ற வாய்வழி பிஸ்பாஸ்பனேட்டுகளுக்குத்தான் இந்தப் பரிசோதனை அதிகம் பயன்படும். விழுங்கிய மாத்திரையில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே ரத்தத்தில் சேர்கிறது. பால், காபி, கால்சியம் மாத்திரை ஏதாவது ஒன்று உடன் போனால் அதுவும் போயிற்று. தொடங்கும் முன் ஒரு மாதிரி, மூன்றாம் மாதத்தில் ஒன்று. பி1என்பி 62இலிருந்து 27க்கு வந்தால் 56 விழுக்காடு இறக்கம். மருந்து எலும்பை எட்டியிருக்கிறது. சிடிஎக்ஸ் 480இலிருந்து 410க்கு வந்தால் 15 விழுக்காடுதான். அதை இறக்கம் என்று எண்ணக் கூடாது.

தொடக்க அளவு எடுக்காமலே மருந்து தொடங்கிவிட்டவர்கள் ஏராளம். அவர்களுக்கு இலக்கு எண்கள் உதவும்: பி1என்பி லிட்டருக்கு 35 மைக்ரோகிராமுக்குக் கீழ், சிடிஎக்ஸ் லிட்டருக்கு 280 நானோகிராமுக்குக் கீழ். மாதவிடாய் நிற்காத நலமான பெண்களின் சராசரியை ஒட்டிய எல்லைகள் இவை. சில ஆய்வகங்கள் சிடிஎக்ஸை மில்லிலிட்டருக்கு நானோகிராமில் தரும், அங்கே 0.28 என்று படிக்க வேண்டும். அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்து அலறியவர்கள் உண்டு.

எண் இறங்கவில்லை என்றால் உடனே மருந்தை மாற்றக் கூடாது. முதலில் மாத்திரை எடுக்கும் விதத்தைக் கேட்க வேண்டும். காலையில் எழுந்ததும், வெறும் வயிற்றில், ஒரு முழுத் தம்ளர் வெறும் தண்ணீரோடு, அதன் பிறகு குறைந்தது 30 நிமிடம் வேறெதுவும் சாப்பிடாமல், படுக்காமல் இருக்கிறாரா? வாரத்தில் எந்த நாள் என்று கேட்டால் தயங்காமல் சொல்கிறாரா? இது சரியென்றால் வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன், தைராய்டு, குளூட்டன் ஒவ்வாமை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அண்மையில் எங்காவது எலும்பு முறிந்ததா என்பதையும் கேட்க வேண்டும். முறிவு ஆறும்போது இந்தக் குறிப்பான்கள் எல்லாமே ஏறும். மாதக்கணக்கில், சிலரிடம் ஓராண்டு வரைகூட உயர்ந்தே நிற்கும். முறிவோடு மருத்துவமனைக்கு வருபவரிடம் தொடக்க அளவு வேண்டுமென்றால் முதல் 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை 5 மில்லிகிராம் சோலெட்ரோனிக் அமிலம் ரத்த நாளத்தில் ஏற்றப்படுபவருக்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை 60 மில்லிகிராம் டெனோசுமாப் ஊசி போடப்படுபவருக்கும் மருந்து உடலில் போயிற்றா என்ற ஐயமே எழாது. ஊசி போட்ட செவிலியரின் கையொப்பமே போதும். இவர்களிடம் மூன்றாம் மாதப் பரிசோதனை பெரும்பாலும் வீண்.

டெனோசுமாபை நிறுத்தும்போது நிலைமை முற்றிலும் வேறு. இந்த மருந்து எலும்பில் தங்காது. கடைசி ஊசிக்கு ஆறு மாதம் கழிந்ததும் எலும்பரிக்கும் செல்கள் கூட்டமாகத் திரும்பிவரும். சிடிஎக்ஸ் மருந்துக்கு முன்பிருந்த அளவையும் தாண்டிப் பாயும். அந்த மாதங்களில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல முதுகெலும்புகள் நொறுங்கியவர்கள் இருக்கிறார்கள். எனவே அடுத்த ஊசி நாள் தவறக் கூடாது. நிறுத்த வேண்டுமென்றால் கடைசி ஊசியிலிருந்து ஆறாம் மாதத்தில் சோலெட்ரோனிக் அமிலம் ஏற்றி, அதற்குப் பிறகு மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் சிடிஎக்ஸ் பார்க்க வேண்டும். ஏறியிருந்தால் மீண்டும் ஏற்ற வேண்டும். எலும்புச் சுழற்சிப் பரிசோதனை ஒருவரின் முதுகெலும்பைக் காக்கும் தருணம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வோம். இங்கே பி1என்பியைவிட சிடிஎக்ஸ்தான் தகுதியானது. பாய்ச்சலை முதலில் காட்டுவது அது.

எலும்பைக் கட்டும் டெரிபாராடைடில், நாளொன்றுக்கு 20 மைக்ரோகிராம் ஊசியில், பி1என்பி ஏற வேண்டும். மூன்றாம் மாதத்தில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஏறவில்லை என்றால் ஊசிப் பேனாவை வாங்கிப் பாருங்கள். 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைத்திருந்தாரா, முதல் ஊசியிலிருந்து 28 நாளைத் தாண்டியும் அதே பேனாவைப் பயன்படுத்துகிறாரா, குமிழை முழுவதும் அழுத்துகிறாரா? பல ஆண்டுகள் பிஸ்பாஸ்பனேட் எடுத்தவரிடம் ஏற்றம் மெதுவாக வரும். அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். சில மாதங்களில் சிடிஎக்ஸும் ஏறும். அது மருந்தின் இயல்பு, எலும்பு கரைகிறது என்று அஞ்சி நிறுத்திவிடக் கூடாது.

ரோமோசோசுமாப் இன்னொரு விதம். எலும்புக்குள் புதைந்திருக்கும் ஆஸ்டியோசைட் செல்கள் சுரக்கும் ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதத்தை இது முடக்குகிறது. மாதம் 210 மில்லிகிராம், 12 மாதம். பி1என்பி முதல் சில வாரங்களிலேயே உச்சிக்குப் போய், பிறகு ஆண்டு முடிவதற்குள் பழைய நிலைக்கோ அதற்குக் கீழோ இறங்கிவிடும். ஒன்பதாம் மாதத்தில் முதன்முறையாகச் சோதித்துவிட்டு "ஏறவே இல்லை" என்பது பரிசோதனை செய்தவரின் பிழை.

நீண்ட நாள் பிஸ்பாஸ்பனேட் எடுத்தவருக்கு மருந்து விடுமுறை கொடுத்த பிறகு, குறிப்பான் ஏறுவதை வைத்து மீண்டும் தொடங்கலாமா? பலர் செய்கிறார்கள். ஆனால் அலெண்ட்ரோனேட்டை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், நிறுத்திய ஓராண்டில் குறிப்பான்களில் வந்த மாற்றம் யாருக்கு முறிவு வரும் என்பதைச் சொல்லவில்லை. வயதும் இடுப்பெலும்பின் அடர்த்தியும்தான் சொன்னன. விடுமுறை முடிவில் இந்தப் பரிசோதனைக்குத் துணைக் குரல் மட்டுமே கொடுப்பது நல்லது.

சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு

சிடிஎக்ஸும் ஆஸ்டியோகால்சின் துண்டுகளும் சிறுநீரகத்தால் வடிகட்டப்படுபவை. வடிகட்டுதல் குறைந்தால் தேங்கும். பி1என்பியில் ஒரு நுணுக்கம் உண்டு. மூன்று சங்கிலி சேர்ந்த முழு வடிவத்தைக் கல்லீரலே அகற்றுகிறது. ஒற்றைச் சங்கிலிகள்தான் சிறுநீரகப் பழுதில் தேங்குகின்றன. "டோட்டல்" என்று பெயரிட்ட முறைகள் இரண்டையும் சேர்த்து எண்ணும், "இன்டாக்ட்" முறைகள் முழு வடிவத்தை மட்டும் எண்ணும். சிறுநீரகம் நலமாக இருக்கும்வரை இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணைத் தரும். டயாலிசிஸ் நோயாளியிடம் "டோட்டல்" முறையின் எண் பொய்யாக உயர்ந்து நிற்கும். எந்த முறை என்பதை ஆய்வகத்திடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

இவர்களுக்கு எலும்பு ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் ட்ராப் 5பியும் பொருத்தம். இரண்டும் சிறுநீரகத்தைச் சாராதவை. உணவும் நேரமும் அவற்றைப் பெரிதாக அசைக்காது. எலும்பு ஆல்கலைன் பாஸ்பட்டேஸை அளக்கும் முறைகளில் கல்லீரல் வடிவமும் ஓரளவு கலந்துவிடும் என்பதால், கல்லீரல் நோயும் சேர்ந்திருப்பவரிடம் எச்சரிக்கை தேவை.

விலகிச் சொன்னாலும் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று: பிஸ்பாஸ்பனேட் தொடங்கும் முன் சாதாரண ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் அளவைப் பாருங்கள். உயர்ந்திருப்பதைத்தான் எல்லாரும் கவனிக்கிறார்கள். தொடர்ந்து குறைந்தே இருப்பதை யாரும் கண்டுகொள்வதில்லை. அது ஹைப்போபாஸ்பட்டேசியா என்ற பிறவிக் குறைபாடாக இருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு பிஸ்பாஸ்பனேட் கொடுத்தால் தொடையெலும்பில் விபரீதமான முறிவுகள் வரக்கூடும்.

மாதிரி எடுக்கும் நாளில்

சிடிஎக்ஸ் என்றால் இரவு உணவுக்குப் பின் தண்ணீர் மட்டும். காலை ஏழரைக்கும் பத்துக்கும் இடையில் எடுக்க வேண்டும். அடுத்த முறையும் அதே நேரம். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊதா மூடி போட்ட ஈடிடிஏ ட்யூபில் எடுத்தால், உறைந்த ரத்தத்திலிருந்து பிரிக்கும் சீரத்தைவிட சிடிஎக்ஸ் அதிக நேரம் கெடாமல் இருக்கும். மாதிரி வேறு ஊர் ஆய்வகத்துக்குப் போகிறதென்றால் இது முக்கியம். முதல் முறை ஈடிடிஏ, அடுத்த முறை சீரம் என்று மாற்றக் கூடாது. முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி வேண்டாம். இரண்டு மாதிரிகளும் ஒரே ஆய்வகத்தில், ஒரே நிறுவனத்தின் முறையில் அளக்கப்பட வேண்டும். சிடிஎக்ஸில் முறைக்கு முறை எண் கணிசமாக மாறும்.

முடிக்கும் நகத்துக்கும் என்று பலரும் விழுங்கும் பயோட்டின் மாத்திரையை யாரும் கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. ஸ்ட்ரெப்டவிடின்–பயோட்டின் பிணைப்பை நம்பி இயங்கும் கருவிகளில் அதிக அளவு பயோட்டின், பி1என்பி, சிடிஎக்ஸ், ஆஸ்டியோகால்சின் மூன்றையும் பொய்யாகக் குறைத்துக் காட்டும். புதிய கருவிப்பொருட்கள் பலவற்றில் இது சரிசெய்யப்பட்டிருக்கிறது. இருந்தாலும் 5 மில்லிகிராமுக்கு மேல் எடுப்பவர் இரண்டு மூன்று நாட்கள் முன்பே நிறுத்திவிடுவது பாதுகாப்பு.

படுத்த படுக்கையாக இருப்பவரிடம் சிடிஎக்ஸ் விரைவில் ஏறும். வளரும் பிள்ளைகளிடம் எல்லாக் குறிப்பான்களும் பெரியவர்களைவிடப் பல மடங்கு உயர்ந்திருப்பது இயல்பு. பெரியவர்களின் எல்லையை வைத்து அவர்களை அளக்கக் கூடாது. கர்ப்பம், பாலூட்டும் காலம், மார்பகப் புற்றுநோய்க்கான அரோமட்டேஸ் தடுப்பிகள் எல்லாம் எண்ணை நகர்த்தும்.

இவற்றிடம் கேட்கக் கூடாத கேள்விகள்

எலும்புப்புரை இருக்கிறதா என்பதை இவை சொல்லாது. அதற்கு டெக்ஸாவும், முறிவு வரலாறும்தான். எந்த மருந்தைத் தேர்ந்தெடுப்பது என்பதையும் சொல்லாது. எலும்பரிப்பைத் தடுக்கும் மருந்து எடுப்பவருக்குப் பல் பிடுங்கும் முன், தாடை எலும்பு அழுகுமா என்று அறிய சிடிஎக்ஸ் 150க்கு மேலா கீழா என்று பார்க்கும் பழக்கம் ஒரு காலத்தில் பரவியது. அந்த எல்லைக்கு நம்பத்தக்க ஆதாரம் கிடைக்கவில்லை. அந்த எண்ணுக்காகத் தேவையான பல் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது சீழை வளர்க்கும். சீழ்தான் தாடைக்கு உண்மையான ஆபத்து.

ஆனால் எதிர்பாராமல் மிக உயர்ந்த எண் வந்தால் அதைப் புறக்கணிக்கக் கூடாது. முறிவும் இல்லை, மருந்தும் இல்லை, சிடிஎக்ஸும் பி1என்பியும் சேர்ந்தே மேலேறி நிற்கின்றன என்றால் பாராதைராய்டு, தைராய்டு, எலும்புச் சுழற்சி தாறுமாறாகும் பேஜெட் நோய் ஆகியவற்றைத் தேட வேண்டும். சிடிஎக்ஸ் மட்டும் உயர்ந்து பி1என்பி கூடவே ஏறவில்லை என்றால் எலும்பு கரைகிறது, திரும்பக் கட்டப்படவில்லை. மஜ்ஜைப் புற்றான மையலோமாவில் இந்தப் பிளவு வரும். ரத்தப் புரதங்களையும் சிறுநீரையும் தாமதிக்காமல் சோதிக்க வேண்டும். ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் உயர்ந்து, கால்சியமோ பாஸ்பேட்டோ குறைந்து, எலும்பு வலியும் இருந்தால் அது எலும்பு மென்மை நோயாக இருக்கலாம். அவருக்கு முதலில் தேவை வைட்டமின் டி, பிஸ்பாஸ்பனேட் அல்ல.